பவரும் உயிலும் எட்டாத இடம்

வங்கிக் கிளையில் வேலை பார்த்த காலத்தில் நான் எத்தனையோ பேருக்கு 'முடியாது' என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று இன்னும் மனசை அரிக்கிறது.

ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா வந்தார். கணவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் மூன்று வாரமாக நினைவில்லாமல் கிடக்கிறார். அவருடைய பாஸ்புக், எஃப்.டி. ரசீது, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சார், அவரால கையெழுத்துப் போட முடியாது. நான் அவர் சம்சாரம்தானே, எங்கிட்ட கொடுங்க."

கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. "நாமினி நீங்கதாம்மா. ஆனா நாமினிங்கிறது அவர் காலத்துக்கு அப்புறம்தான்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அந்த அம்மா பையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

உடம்பு முடியாதவர்களுக்கு வங்கியில் வழி இல்லாமல் இல்லை. கையெழுத்து வராவிட்டால் கைரேகை. அதுவும் ஆகாவிட்டால் கால்விரல் ரேகை. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அலுவலர். நானே ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போய் ரேகை வாங்கி வந்திருக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாடு புத்தி தெளிவாக இருக்கிறவருக்கு மட்டும்தான். பணத்தை யார் வாங்க வேண்டும் என்று அவர் சைகையிலாவது காட்ட வேண்டும். நினைவே இல்லாதவரின் விரலைப் பிடித்து மையில் அழுத்தினால் அது ரேகை ஆகாது, மோசடி ஆகும். பாசத்தில் செய்தாலும் மோசடிதான்.

அந்த அம்மாவின் நிலையில் இருந்த இன்னொரு பெண், 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்தக் கட்டுரை அந்த வழக்கைப் பற்றியது. அவர்கள் குடும்பத்தின் பெயரும் ஊர் விவரமும் நமக்கு வேண்டாம். வழக்கு எந்த வழியாகப் போனது, எங்கே முட்டியது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கணவர் கோமாவில் இருந்தார். சிகிச்சைக்கும் வீட்டுக்கும் பணம் வேண்டும். கணவர் பெயரில் வங்கிக் கணக்குகளும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தும் இருந்தன. ஆனால் அதில் ஒரு ரூபாயைக்கூட மனைவியால் தொட முடியவில்லை. தன்னைக் கணவருக்குக் காப்பாளராக நியமிக்க வேண்டும், வங்கிக் கணக்குகளை இயக்கவும் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதிக்க வேண்டும் என்று அவர் ரிட் மனு (உயர் நீதிமன்றமே நேரடியாகத் தலையிட்டு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டார்.

தனி நீதிபதி ஏப்ரலில் மனுவைத் தள்ளினார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இப்படிக் காப்பாளரை நியமிக்க வழியில்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பது அவர் முடிவு. படித்ததும் இரக்கமில்லாத தீர்ப்பு என்று தோன்றும். ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிப்பது சுலபமில்லை. அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

காப்பாளர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அது மைனர் குழந்தைகளுக்கானது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' என்று ஒருவர் உண்டு. ஆனால் அவர் சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர். கண் திறக்காமல் கிடப்பவரோடு சேர்ந்து என்ன முடிவெடுப்பது?

மிச்சம் இருந்தது 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அதில் மனநோயாளியின் சொத்தைப் பற்றித் தனி அத்தியாயமே இருந்தது. மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளரை நியமிக்கலாம். கோமாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தாது என்றாலும் தட்டிப் பார்க்க ஒரு கதவாவது இருந்தது. 2018 மே மாதம் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, பழைய சட்டம் போனது. புதிய சட்டம் நோயாளியின் சுயமரியாதையை மதிப்பதில் பழையதைவிட எவ்வளவோ மேல். நோயாளி தன் சிகிச்சைக்கு முன்கூட்டியே விருப்பம் எழுதி வைக்கலாம், தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். எல்லாம் சிகிச்சைக்கு மட்டும். சொத்து அத்தியாயம் வரவே இல்லை. ஒரு கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிட்டது.

அந்தச் சுவரில்தான் இந்த மனைவி போய் முட்டினார்.

மேல்முறையீடு மே மாதத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வுக்கு வந்தது. அமர்வு பிரச்சினையைச் சட்டப் பிரிவிலிருந்து தொடங்கவில்லை, படுக்கையிலிருந்து தொடங்கியது. கோமாவில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை, பணம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்களை அமர்த்த வேண்டும், முழுச் சுமையும் இந்தப் பெண்ணின் தலையில் இருக்கிறது, இவரைப் போய் சிவில் நீதிமன்றத்துக்கு அலையவிடுவது சரியில்லை என்பது அவர்களின் பார்வை.

சட்டத்தில் வழியில்லாத இடத்தில் அவர்கள் கைக்கொண்டது 'பேரன்ஸ் பேட்ரியே' என்ற பழைய கோட்பாட்டை. தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாதவருக்கு அரசும் நீதிமன்றமும் தாய் தகப்பன் ஸ்தானத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரம் அதற்குப் போதும். கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே இந்த வழியைத் திறந்து வைத்திருந்தது. அங்கேயும் கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவிதான் வந்திருந்தார். சட்டம் வரும்வரை இதுதான் நடைமுறை என்று அந்த நீதிமன்றம் நெறிமுறைகளையே எழுதிவிட்டது. நரம்பியல் மருத்துவர் ஒருவராவது இருக்கும் மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். வட்டாட்சியர் தகுதிக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் போய் விசாரிக்க வேண்டும். சொத்து விவரம் முழுவதையும் மனுவில் காட்ட வேண்டும். மனைவி, கணவர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினர் காப்பாளர் ஆகலாம். அவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயர் நீதிமன்றப் பதிவாளரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறு செய்தால் நீக்கப்படுவார். சென்னை அமர்வு இந்தத் தீர்ப்பைத்தான் துணைக்கு எடுத்துக்கொண்டது.

மனைவி காப்பாளராக நியமிக்கப்பட்டார். கணக்குகளை இயக்கலாம், சொத்தை விற்கலாம். ஒரு நிபந்தனை: விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். அவர் ஆயுள் உள்ளவரை அது அப்படியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை மட்டும் மனைவி எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நிபந்தனையைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். நான் பழைய வங்கிக்காரன், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 50 லட்சத்துக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம், மூன்று மாதத்துக்கு 87,500 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 29,000. வட்டி இறங்கினால் அதுவும் இறங்கும். மருந்து விலை இறங்காது. ஒரு மாதம் திடீரென்று நிமோனியா வந்து ஐ.சி.யூ.வில் சேர்க்க வேண்டி வந்தால் அசலைத் தொட மறுபடி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பம், பேச முடியாத ஒரு மனிதர், ஒரு கோடி ரூபாய்ச் சொத்து. நாளைக்கு யாராவது அவர் பணத்தை அடித்துக்கொண்டு அவரைக் கைவிட்டுவிட்டால்? அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தன் மனைவியை எவ்வளவு நம்பலாம், சொத்தில் எதை முதலில் விற்கலாம், எதைக் கடைசிவரை தொடக் கூடாது என்பதெல்லாம் அந்தக் கணவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் பேச முடிந்த காலத்தில் அதைச் சட்டப்படி சொல்லிவைக்க நம் நாட்டில் ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், அவரை ஒருநாளும் பார்த்திராத இரண்டு நீதிபதிகள் அதை ஊகிக்க வேண்டியிருந்திருக்காது.

இங்கே பலர் கேட்பார்கள்: "ஏன், முன்னாடியே பவர் எழுதி வச்சிருந்தா போதாதா?"

போதாது. நம் ஆட்களில் பெரும்பாலோர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். படித்தவர்கள்கூட "எல்லாத்துக்கும் பையன் பேர்ல ஜெனரல் பவர் பண்ணி வச்சிருக்கேன், கவலையில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பவர் பத்திரம் என்பது முகவர் நியமனம். நான் செய்யக்கூடிய வேலையை எனக்குப் பதிலாக இன்னொருவர் செய்வது. ஆகவே நான் செய்யக்கூடியவனாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு இதை ஒரே வரியில் சொல்கிறது: பவர் கொடுத்தவரோ வாங்கியவரோ இறந்தால், அல்லது சித்தசுவாதீனம் இழந்தால், பவர் முடிந்துபோகும். பதிவு செய்த பவர், பதிவு செய்யாத பவர் என்ற பேதம் அதில் இல்லை. 'எனக்கு நினைவு தப்பினாலும் இது செல்லும்' என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டாலும் அதை நம்பி இருக்க முடியாது. 202-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை இருந்தால் பவர் நிற்கும். கடன் கொடுத்தவர் தன் பாக்கிக்கு ஈடாக வாங்கும் பவர் அப்படிப்பட்டது. அப்பாவின் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கு அது பொருந்தாது. 209-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: கொடுத்தவர் நினைவிழந்தால், முகவர் தன் பொறுப்பில் உள்ளதைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். கூரை ஒழுகினால் ஆள் வைத்து அடைக்கலாம். வீட்டை விற்பது அதில் அடங்காது.

தமிழ்நாட்டுப் பத்திரப்பதிவில் ஒரு பழக்கம் உண்டு. பவர் ஏஜெண்ட் விற்பனைப் பத்திரம் பதிய வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் கொடுத்த சான்றைக் கேட்பார்கள். இறந்தவர் பெயரில் பவரை வைத்துக்கொண்டு விற்ற மோசடிகளைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள், சான்று கேட்பது உயிர் இருக்கிறதா என்று. சட்டம் கேட்பது நினைவு இருக்கிறதா என்றும். கோமாவில் இருப்பவருக்கு உயிர் இருக்கிறது என்று எந்த மருத்துவரும் உண்மையாகவே எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சான்றை வைத்துப் பத்திரமும் பதிவாகிவிடலாம். பத்து வருடம் கழித்து ஒரு பங்காளி வந்து, "அன்றைக்குப் பெரியவர் நினைவோடு இல்லையே, பவர் எப்படிச் செல்லும்?" என்று வழக்குப் போட்டால் வாங்கியவர் கதி என்ன? வீட்டுப் பத்திரம் பார்க்கும் வக்கீல்கள் நோண்டி நோண்டிக் கேட்பது இதனால்தான்.

பவரைப் பற்றி இன்னொரு தவறான நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே உடைத்தது. சூரஜ் லேம்ப் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஹரியானாவில் குர்கான் பக்கம் இரண்டரை ஏக்கர் நிலத்தை விற்பனை ஒப்பந்தம், ஜெனரல் பவர், உயில் மூன்றையும் வைத்து ஒரு நிறுவனம் வாங்கியிருந்தது. கிரயப் பத்திரம் இல்லை. பவரால் உடைமை மாறாது, உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எதையும் மாற்றாது, கிரயம் பதிந்தால்தான் சொத்து கைமாறும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவரை அதற்குரிய வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஊரில் உள்ள அப்பாவுக்குக் கொடுப்பது, மாடி ஏற முடியாத அம்மா மகளுக்குக் கொடுப்பது, இதற்கெல்லாம் பவர் அருமையான கருவி. அம்மாவுக்கு மறதி நோய் முற்றியபின் அதே கருவி மகள் கையில் வெறும் தாள்.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் 'எல்.பி.ஏ.' போட்டாச்சு என்பார்கள். நீடித்த அதிகாரப் பத்திரம். 2008-ஆம் ஆண்டின் அந்நாட்டு மனத்திறன் சட்டப்படி, புத்தி தெளிவாக இருக்கும்போதே, 'எனக்கு முடிவெடுக்கும் திறன் போனால் இன்னார் என் பணத்தையும் பராமரிப்பையும் பார்த்துக்கொள்ளட்டும்' என்று எழுதிப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதியலாம். எழுதுகிறவர் விஷயம் புரிந்து, வற்புறுத்தல் இல்லாமல் எழுதுகிறார் என்று மருத்துவரோ வழக்கறிஞரோ சான்று தர வேண்டும். இங்கிலாந்தில் 1985-லேயே இதற்கு ஒரு சட்டம் வந்தது. 2005-ஆம் ஆண்டின் சட்டம் அதை விரிவாக்கி, சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என்று இரண்டு வகைப் பத்திரங்களைத் தந்தது. நம் 1872 சட்டத்தின் முகவர் விதிகள் அங்கிருந்து வந்தவைதான். அவர்கள் ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள். நாம் இன்னும் அடைக்கவில்லை.

சரி, உயில்?

உயில் இறப்புக்குப் பிறகு மட்டும் பேசும். கோமாவில் இருக்கும் மாதங்களில் அது பீரோவுக்குள் சும்மா கிடக்கும். அதனால் உயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். "உயில் எழுதினா ஆயுசு கம்மியாயிடும்" என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். நான் பார்த்தவரை, எழுதாதவர் வீட்டில்தான் காரியம் முடிந்த பதினாறாம் நாளே சண்டை ஆரம்பமாகிறது.

எழுதுவதும் கஷ்டமில்லை. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள், அவர்களும் எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சொத்து பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், உங்களைவிட வயதில் சிறியவரைப் போடுங்கள், ஏனென்றால் பிற்காலத்தில் நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல ஒரு சாட்சியாவது இருக்க வேண்டும். உயிலால் லாபம் அடைகிறவரே முன்னின்று எழுதவைத்தால் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பாரம் உயிலைக் கொண்டுவருகிறவர் தலையில்தான் என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அரைமயக்கத்தில் இருப்பவரிடம் அவசரமாக ரேகை வாங்கும் உயில்கள் நிற்காமல் போவது இதனால்தான்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்து ஆண் ஒருவர் தானே சம்பாதித்த வீட்டை உயில் எழுதாமல் விட்டுப் போனால் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் நான்கில் ஒரு பங்கு தாய்க்கு. தாய்க்குப் போவது நியாயம்தான். அந்தத் தாயும் உயில் எழுதாமல் காலமானால் அந்தக் கால் பங்கு அவருடைய மற்ற மகன்கள், மகள்களுக்கும் பிரியும். அண்ணன் கட்டிய வீட்டில் தம்பிக்கும் தங்கைக்கும் கையெழுத்து உரிமை வந்துவிடும். வீட்டை விற்கப் போகும்போது அண்ணி கொழுந்தனாரைத் தேடிப் போய்க் கையெழுத்து கேட்க வேண்டும். கேட்டவுடன் போடுகிற கொழுந்தனாரும் உண்டு. நான்கு வருடம் இழுத்தடிக்கிறவரும் உண்டு. நாமினி போட்டிருக்கிறேனே என்றும் இருந்துவிடக் கூடாது. நாமினி பணத்தைக் கைநீட்டி வாங்குகிறவர், அதனாலேயே வாரிசு ஆகிவிட மாட்டார். பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை மறுபடியும் உறுதி செய்தது.

ஆக, நினைவோடு இருக்கும்வரை பவர். மூச்சு நின்றபின் உயில். நடுவில் மாதங்களோ வருடங்களோ நீளக்கூடிய ஒரு காலத்துக்கு நம் சட்டத்தில் பத்திரமே இல்லை. அந்தக் காலத்தில்தான் செலவு உச்சத்தில் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உயிர்காக்கும் கருவிகளைப் பற்றி முன்கூட்டியே விருப்பம் எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிமையாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். நமக்காக முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரையும் எழுதலாம். பிழைக்கும் வழியில்லை என்ற கட்டத்தில், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்தபின் அந்த விருப்பம் நடைமுறைக்கு வரும். மிக நல்ல விஷயம், நானும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எனக்கு வெண்டிலேட்டரை எடுக்கலாமா என்று முடிவு சொல்ல என் மனைவியை நானே நியமிக்கலாம். அதே வெண்டிலேட்டருக்குப் பணம் கட்ட என் எஃப்.டி.யை உடைக்க அவளை நியமிக்க முடியாது. இதைச் சரிசெய்ய வேண்டியது நாடாளுமன்றம். ஒவ்வொரு குடும்பமும் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருக்க முடியாது. வக்கீல் வைக்க வழியில்லாத எத்தனை பேர் வராமலே கிடக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சட்டம் வரும்வரை கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது என்ன? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வங்கிக் கணக்கு. சிகிச்சைக்கு என்று ஒதுக்கும் பணம் எவ்வளவோ அது 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். ஒருவர் படுத்தால் மற்றவர் தன் கையெழுத்திலேயே எடுக்கலாம். 'முதலாமவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று ஒரு முறையும் உண்டு, ஃபாரத்தில் அவசரத்தில் அதை டிக் அடித்துவிடாதீர்கள். அதில் முதலாமவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாமவர் கை கட்டித்தான் நிற்க வேண்டும். எஃப்.டி.க்கு இதே முறை வேண்டும் என்றால், முதிர்வுக்கு முன் உடைக்கவும் ஒருவர் கையெழுத்து போதும் என்று இருவரும் முன்பே எழுதிக் கொடுத்து வையுங்கள். லாக்கரையும் மறக்க வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டில் யாரும் யோசிக்காத ஒரு முடிச்சு உண்டு. கேஷ்லெஸ் என்றால் பிரச்சினையில்லை. கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் கிளெய்ம் என்றால், பணம் பாலிசி எடுத்தவர் கணக்குக்குப் போகும். படுத்திருப்பவரே பாலிசி எடுத்தவர், அவர் கணக்கோ தனிக் கணக்கு என்றால், கடன் வாங்கிக் கட்டிய பணம் திரும்பி வந்தும் கைக்கு வராது. பாலிசியோடு இணைத்த கணக்கு எது என்று இன்றைக்கே பாருங்கள்.

வீடு, நிலத்துக்கு இப்படி எளிய வழி இல்லை. கணவன் மனைவி பேரில் கூட்டாக வாங்கினாலும் படுத்தவருடைய பாதிக்கு நீதிமன்றம்தான். வசதி உள்ளவர்கள் சொத்தைத் தனியார் டிரஸ்ட்டில் வைக்கிறார்கள். டிரஸ்ட்டியாகப் பிள்ளையோ மனைவியோ இருந்தால் ஒருவர் நினைவு தப்பினாலும் நிர்வாகம் நிற்காது. செலவும் வரிக் கணக்கும் உண்டு, எல்லோருக்கும் ஏற்றதில்லை. இன்னும் சிலர் பயத்தில் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் அதைத் திரும்ப வாங்க வழி இருந்தாலும், எழுபது வயதில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகப் படியேறிப் பெற்ற பிள்ளைமேல் புகார் சொல்லும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். குடியிருக்கும் வீட்டையாவது கடைசிவரை உங்கள் பேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும் எழுதி வைக்கச் சொல்வேன். எனக்கு நினைவு தப்பினால் காப்பாளராக இன்னார் இருக்க விரும்புகிறேன், முதலில் இந்த மனையை விற்கலாம், வீட்டை விற்க வேண்டாம் என்று தேதி போட்டு, சாட்சியோடு ஒரு கடிதம். நாளைக்கு மனைவியோ மகளோ உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், நீதிபதி ஊகிக்க வேண்டிய இடத்தில் உங்கள் கையெழுத்தாவது இருக்கும்.

அந்த மஞ்சள் பை அம்மா நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தார். அதே பை. இந்த முறை உள்ளே இறப்புச் சான்றிதழ் இருந்தது. நாமினி அவர்தான், எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வாரத்தில் எஃப்.டி. வட்டியோடு அவர் கணக்குக்கு மாறியது. பாஸ்புக்கில் அந்த வரியை அச்சடித்துக் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அன்னிக்கே கொடுத்திருந்தீங்கன்னா, டாக்டர் சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பேன் சார்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.